சுங்கை சிப்புட்டில் கெர்னல் மாற்றித் தரும் கணினிக் கடை: என் மதிப்பீடு

சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை; ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைத் தேவைக்கேற்ப மாற்றி, கம்பைல் செய்து (மனிதர் எழுதிய மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி) கொடுக்கும் கடை என்று நான் அறிந்தது, பெரிய தெருவில் மாடியில் இயங்கும் ஒன்றுதான். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கும் எங்கள் நிலையத்தின் எடைமேடைக் கணினியை அங்கே கொடுத்திருந்தேன். கைத்திறன் நன்று, தேவைக்கு மேல் வேலை செய்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11க்கு முறையாக மாற இயலவில்லை. ஆகவே லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவினோம். மற்றவை எல்லாம் ஓடின, எடை காட்டும் கருவியை இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கேபிள் மட்டும் வேலை செய்யவில்லை. எந்த யூஎஸ்பி கருவியும் செருகியவுடன் தயாரிப்பாளர் எண்ணையும் கருவி எண்ணையும் கணினிக்கு அறிவிக்கும். இத்தகைய கேபிள்களில், அவ்விரண்டும் டிரைவரின் (கருவியை இயக்கும் நிரலின்) பட்டியலில் இருந்தால்தான் டிரைவர் அக்கருவியை ஏற்கும். எங்கள் கேபிளில் இருந்தது லினக்ஸ் நன்கறிந்த சிப்புதான், ஆனால் அதன் எண் பட்டியலில் இல்லை. கடைத் தம்பி முதலில் ஓடிக்கொண்டிருந்த கெர்னலுக்கே அந்த எண்ணைத் தற்காலிகமாக அறிவித்துச் சோதித்தார். எடை திரையில் வந்தது. பிறகு மூலநிரலைத் திறந்து, டிரைவரின் பட்டியலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். லோரி மேடையில் ஏறியதும் எண்கள் மாறுவதைப் பார்த்தபோது, திறந்த மூலநிரல் என்பதன் பயன் எனக்கு நேரடியாகப் புரிந்தது.

இதையே விண்டோஸில் செய்திருக்க முடியுமா? டிரைவருடன் வரும் விவரக் கோப்பில் ஓர் எண்ணைச் சேர்த்தாலே அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். 64 பிட் விண்டோஸோ கையொப்பமில்லாத கெர்னல் டிரைவரை ஏற்பதில்லை. சோதனைப் பயன்முறையில் ஓட்டலாம், ஆனால் அன்றாட அலுவலுக்கு அது ஏற்றதன்று. கெர்னலையே திருத்துவதற்கு மூலநிரல் கையில் இல்லை; 2005 முதல் 64 பிட் பதிப்புகளில் உள்ள பேட்ச்கார்டு, ஓடும் கெர்னலில் யாரேனும் கைவைத்ததைக் கண்டால் கணினியையே நிறுத்திவிடும். இந்தக் கெடுபிடியை நான் முற்றாகக் குறை சொல்லமாட்டேன். கெர்னலுக்குள் ஒளியும் வைரஸ்களைத் தடுப்பதற்கும் அது உதவுகிறது.

கடை மிகைப்பட்டது அடுத்த கட்டத்தில்தான். ஒரு வரிக்காக முழுக் கெர்னலையும் புதிதாகக் கம்பைல் செய்தார்கள். அதுவும் நேரத்தை மிச்சப்படுத்த 'லோக்கல்மாட்கான்ஃபிக்' முறையில், அதாவது அந்நேரத்தில் ஏறியிருந்த மாட்யூல்களை (டிரைவர் போன்ற, தேவைப்படும்போது கெர்னலில் சேரும் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டு. அப்போது பென்டிரைவ் எதுவும் செருகப்பட்டிருக்கவில்லை. விளைவு, மாதக் கணக்கை நகலெடுக்கப் போனபோது எந்தப் பென்டிரைவையும் கணினி கண்டுகொள்ளவில்லை. நல்லவேளையாக டெபியனின் பழைய கெர்னலை அழிக்காமல், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் விட்டிருந்ததால், அதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையை முடித்தோம். 'வேகம் கூடும்' என்றும் சொல்லியிருந்தார்கள். எடையைப் பதிந்து ரசீது அடிக்கும் கணினியில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பாதுகாப்புப் புதுப்பிப்பு. டெபியன் தரும் கெர்னல் வழக்கமான புதுப்பிப்பிலேயே மாறிவிடும்; கடையில் கட்டிய கெர்னலோ, யாராவது மறுபடி கம்பைல் செய்யும்வரை அப்படியே நிற்கும். மீண்டும் போய் முறையிட்டபோது, டெபியனின் கெர்னலையே வைத்துக்கொண்டு, திருத்திய மாட்யூலை மட்டும் டிகேஎம்எஸ் என்ற மென்பொருள் வழியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த மாட்யூல் தானாகவே மறுபடி கம்பைல் ஆகிவிடுகிறது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதுதான்.

திருத்திய மூலநிரலையும், கெர்னலில் எவை சேர வேண்டும் என்று குறிக்கும் கான்ஃபிக் கோப்பையும் கேட்டபோது, தொழில் ரகசியம் என்று முதலில் தயங்கினார்கள். லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறந்த மூலநிரல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வருவது. கம்பைல் செய்த கெர்னலை ஒருவருக்குக் கொடுப்பவர், அதற்குரிய மூலநிரலையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். இதை எடுத்துச் சொன்னதும் மறுக்காமல் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது அவர்களின் நேர்மைக்குச் சான்று. நாளை அந்தத் தம்பி ஈப்போவுக்கு வேலை மாறிப் போனாலும், வேறொருவர் அந்த ஒரு வரியைப் பார்த்து வேலையைத் தொடரலாம்.

கட்டணம் 150 ரிங்கிட். இரண்டாம் முறை பணம் வாங்கவில்லை. அங்கே போக நினைப்பவர்கள் மாட்யூல் மட்டும் போதுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். முழுக் கெர்னல்தான் வேண்டுமென்றால், பிரிண்டர், பென்டிரைவ், கேபிள் என்று கணினியோடு பயன்படுத்தும் அனைத்தையும் கையோடு கொண்டுபோய், அவற்றைச் செருகி வைத்துக் கம்பைல் செய்யச் சொல்லுங்கள்.