‘பேஷண்ட்டுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்’: சரியும் தவறும் ஊருக்கு ஊர் மாறுமா?

“பேஷண்ட் வெளியே இருக்கட்டும், அட்டெண்டர் மட்டும் உள்ளே வாங்க.” அத்தையைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மாமாவும் அப்பாவும் நானும் உள்ளே போனோம். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார் டாக்டர். மாமா முதலில் சொன்னது, “அவளுக்குத் தெரிய வேண்டாம் சார்.” டாக்டரும் தலையாட்டினார். ஃபைலை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தோம். “என்னடா சொன்னாரு?” என்று அத்தை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “அல்சர்தான் அத்தை” என்றேன்.

அந்தப் பொய் சரியா, தவறா? நான் படித்தவரையில் இதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன.

முதலாவது, ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்டின் பதில். நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, “உள்ளே இருக்கிறானா?” என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதியவர் அவர். உண்மை பேசுவது எந்த ஊரிலும், எந்த நிலையிலும் விலக்கில்லாத கடமை. இந்தக் கண்டிப்பில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: அத்தையை, உண்மையைத் தாங்க முடியாத குழந்தையாக அது நடத்தாது. ஆனால் கொலைகாரனுக்கும் உண்மையைச் சொல்லச் சொல்லும் ஒரு விதியை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

இரண்டாவது, நம் வீடுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டும் குறள்: “பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த / நன்மை பயக்கும் எனின்.” மாமாவும் இதைத்தான் சொன்னார். இதைக் கேட்டதும், ‘பார், வள்ளுவரே சரியும் தவறும் இடத்துக்கு ஏற்ப மாறும் என்கிறார்’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இடத்துக்கு ஏற்ப மாறுவது இங்கே செயல், அளவுகோல் மாறவில்லை. எந்தப் பேச்சானாலும் அதனால் தீங்கு வரக்கூடாது என்று முந்தைய குறளிலேயே அளவுகோலை வைத்துவிட்டார். ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லையும் நாம் சுலபமாகத் தாண்டிப் போகிறோம். குற்றமற்ற நன்மை, அதுவும் யாருக்கு? அன்று அந்தப் பொய்யால் முதலில் நிம்மதி அடைந்தது அத்தை இல்லை, நாங்கள். அவர் முன்னால் அழ வேண்டியதில்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அத்தை கட்டிக்கொண்டிருந்த சீட்டு, மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த நகை, யாரிடமோ பேசாமல் விட்ட பேச்சு, இவற்றையெல்லாம் முடித்துக்கொள்ள அவருக்கு இருந்த சில மாதங்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதில் புரை இருக்கிறது. அடுத்த குறளில், பொய் சொன்னவனின் நெஞ்சே அவனைச் சுடும் என்கிறார். அது எனக்கு இன்றும் சுடுகிறது.

மூன்றாவது பதில்தான் இன்று அதிகம் கேட்கிறது: அவரவர் பண்பாட்டுக்கு அவரவர் நியாயம். இதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 65 வயதுக்கு மேற்பட்ட 800 பேரிடம் கேட்டு, 1995இல் ஓர் ஆய்வு வெளியானது. பரவிய புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள், ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கறுப்பினத்தவரில் 88, மெக்சிக வம்சாவளியினரில் 65, கொரிய வம்சாவளியினரில் 47. ஒரே ஊருக்குள் இவ்வளவு வித்தியாசம். குடும்பமே பாரத்தைச் சுமக்கட்டும் என்பதில் அன்பு இருக்கிறது. வெளியிலிருந்து வந்து அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 47ஐத் திரும்பப் பாருங்கள். ஏறக்குறைய பாதிப் பேர் ‘சொல்ல வேண்டும்’ என்கிறார்கள். ‘எங்கள் வழக்கம்’ என்று ஒருவர் பேசும்போது இந்தப் பாதிப் பேரின் குரல் எங்கே போகிறது? இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்களே 1961இல் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். ஆகவே மறைப்பது கிழக்கின் குணம், சொல்வது மேற்கின் குணம் என்ற பேச்சு நிற்காது. வழக்கம்தான் நியாயம் என்றால் 1961இலும் அவர்கள் சரி, 1979இலும் சரி. ‘நாங்கள் தவறு செய்துவிட்டோம்’ என்று சொல்லவே அங்கே இடமில்லை. அத்தை விஷயத்தில் எனக்கு இருக்கும் வருத்தத்துக்கும் அப்போது அர்த்தம் கிடையாது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதனால் நான் பொதுவான சரி, தவறு உண்டு என்ற பக்கம்தான் நிற்கிறேன், காண்ட் அளவுக்குப் போகாமல். தன் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நோயாளியுடையது. அது சென்னையிலும் சியோலிலும் ஒன்றுதான். சொல்லும் விதம், யார் சொல்வது, எப்போது சொல்வது, இவை ஊருக்கு ஊர் மாறட்டும். புற்றுநோய் மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டு முதல் கையாளும் ஆறுபடி முறை ஒன்றில், செய்தியைச் சொல்லும் முன்பு, “உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?” என்று நோயாளியையே கேட்பது ஒரு படி. அன்று அந்த ஒரு கேள்வியை அத்தையிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டேன். “எனக்குத்தான் முதல்ல சொல்லணும், ரிப்போர்ட்டை என் கையில கொடு” என்றார் அப்பா. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, “எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, நீங்களே பாத்துக்குங்க” என்றாள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.