கீமோவுக்குப் பின் வீட்டில்: இணையப் படிவமா, கைபேசியா, தானியங்கி அழைப்பா?

கீமோதெரபி மருந்தை மருத்துவமனையில் ஏற்றினாலும், அதன் பக்கவிளைவுகளை நோயாளி பெரும்பாலும் வீட்டில்தான் அனுபவிக்கிறார். வாந்தி, பேதி, வாய்ப்புண் என எல்லாவற்றையும் அடுத்த சந்திப்பு வரை பொறுத்துக்கொண்டு, மருத்துவர் கேட்கும்போது "பரவாயில்லை" என்று சொல்லிவிடுபவர்களே அதிகம். அந்த இடைப்பட்ட நாட்களைக் கவனிக்க மூன்று வழிகள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டுள்ளன.

வாராந்திர இணையப் படிவத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் 766 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு. பரவிய புற்றுநோய்க்குக் கீமோ பெற்றுவந்த இவர்களில் ஒரு பிரிவினர் 12 அறிகுறிகளைப் பதிவுசெய்தனர். ஏதேனும் கடுமையானால் செவிலியருக்கு மின்னஞ்சல் சென்றது. 2017-இல் வெளியான முடிவின்படி, அப்பிரிவினரின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்கள். கணினிப் பழக்கமே இல்லாதவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதை, வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒதுக்கிவிடும் குடும்பத்தார் அவசியம் அறிய வேண்டும்.

ஆயினும் வாரம் ஒருமுறை என்பது காய்ச்சலுக்குப் போதாது. கீமோ ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறையும் காலத்தில், 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஐந்து ஐரோப்பிய நாடுகளின் 12 மையங்களில் 829 பேரிடம் நடந்த ஈஸ்மார்ட் ஆய்வின் முறையை நான் மேலாகக் கருதுகிறேன். நோயாளி தினமும் கைபேசியில் அறிகுறிகளைப் பதிகிறார். நிலைமை மோசமானால் மருத்துவக் குழுவுக்குச் சிவப்பு எச்சரிக்கை செல்கிறது. அதற்கு அரை மணி நேரத்துக்குள் அவர்கள் பதில் அளித்தாக வேண்டும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அறிகுறிகளின் சுமை கூடியபோது, இவர்களுக்கு அது தொடக்க நிலையிலேயே நின்றது என 2021-இல் வெளியான முடிவு காட்டியது. ஆனால் இரவும் பகலும் ஆள் வைக்க முடியாத மருத்துவமனை இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது; பதிந்துவிட்டோம், பார்த்திருப்பார்கள் என்று நோயாளி நம்பிக் காத்திருப்பார்.

தானியங்கி அழைப்பில் ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. கணினி தொலைபேசியில் அழைத்து அறிகுறிகளைக் கேட்கும்; எண்களை அழுத்திப் பதில் சொன்னால் போதும். அமெரிக்காவில் 52 சிகிச்சையகங்களில் நடந்த புரோ-டெக்ட் ஆய்வில், இணையமா அழைப்பா என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அழைப்பையே விரும்பினார். அறிகுறிகளும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆயுட்காலத்தில் மட்டும் பாஷ் குழுவின் ஆய்வு காட்டிய வேறுபாடு இங்கே கிடைக்கவில்லை. ஆயுள் கூடும் என்று வாக்களித்து எந்தச் செயலியையும் விற்பது நியாயமில்லை என்பேன்.

மருத்துவமனையோடு இணையாத நாட்குறிப்புச் செயலிகள், மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதைக் குறித்துவைக்கவும் உதவும். அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

மருத்துவமனை ஒரு செயலியைப் பரிந்துரைத்தால், இரவு இரண்டு மணிக்கு 38 டிகிரி என்று பதிந்தால் யார், எவ்வளவு நேரத்தில் கூப்பிடுவார் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், காய்ச்சல் வந்தால் படிவத்தை நிரப்பிக்கொண்டிராமல், மருத்துவமனையின் அவசர எண்ணை உடனே அழையுங்கள்.