பிறீமேசன் டிகிரிகளின் சுவர்ப்படம்: கீழ்ப்பாதி நன்று, மேற்பாதி வேண்டாம்

மனைவியின் அம்மப்பா வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியைச் சென்ற வருடம் மட்டக்களப்புப் புளியந்தீவு வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் திறந்தபோது, நீலக் கரையிட்ட வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒன்றும், ஒரு சோடி வெள்ளைக் கையுறையும், வெள்ளிப் பதக்கமொன்றும் உள்ளே இருந்தன. கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் அவர் பிறீமேசன் சங்கத்தில் சேர்ந்திருந்தார் என்பதும், அதில் 33ஆம் டிகிரி (சடங்கு வழியாகப் பெறும் படிநிலை) வரை ஏறியவர் என்பதும் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அதைச் சரிபார்க்கும் எண்ணத்துடன்தான் இந்தச் சுவர்ப்படத்தையும் கூடவரும் நாற்பது பக்கச் சிறுநூலையும் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையவழியில் வாங்கினேன். தபாற்செலவுடன் 9,800 ரூபா ஆயிற்று.

அச்சைக் குறை சொல்ல இடமில்லை. கோடுகள் கூர்மையாகவும் நிறங்கள் அடக்கமாகவும் உள்ளன. தாள்தான் வாவிக்கரை ஈரக்காற்றுக்கு ஏற்றதன்று. இரண்டு மாதத்தில் ஓரங்கள் அலையடித்துவிட்டதால், கண்ணாடிச் சட்டத்துக்கும் சேர்த்தே செலவைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

படத்தின் கீழ்ப்பாதி அருமையானது. சங்கத்தின் அடிப்படையான மூன்று டிகிரிகளும், அதாவது சேர்ந்தவுடன் பெறும் அப்ரண்டிஸ், அடுத்ததாகிய ஃபெலோ கிராப்ட், நிறைவான மாஸ்டர் மேசன் ஆகியன, அவற்றுக்குரிய கருவிகளோடு வரையப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்து முறைப்படி முதலாவதற்கு 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. இரண்டாவதற்கு மூலைமட்டம், நீர்மட்டம், தூக்குக்குண்டு. மூன்றாவதற்கு நூல் சுற்றிய முளை, பென்சில், கவராயம். மதில் கட்ட வந்திருந்த பக்கத்துத் தெரு மேசன் இதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சேர், இதெல்லாம் எங்கட சாமானெல்லோ?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. கல் வேலைக்காரரின் தொழிற்கருவிகளை ஒழுக்கத்துக்கு உருவகமாக எடுத்துக்கொண்டதுதான் இந்தச் சங்கத்தின் முழு ஏற்பாடும். நேர்மைக்கு மூலைமட்டம், சமத்துவத்துக்கு நீர்மட்டம்.

சிறுநூலின் முதற்பகுதி சாலமோன் அரசரின் ஆலயத்திலிருந்து தொடங்குகிறது. அந்த ஆலயத்தைக் கட்டிய ஹிராம் என்ற தலைமைச் சிற்பி, இரகசியத்தை வெளியிட மறுத்துக் கொல்லப்பட்ட கதை மூன்றாவது டிகிரியின் சடங்கில் நடித்துக் காட்டப்படுவது. அதை வரலாறாகவே எழுதி வைத்திருப்பது வாசகரைத் தவறாக வழிநடத்தும். ஆவணங்கள் தரும் வரலாறோ அதற்குச் சற்றும் சுவை குறைந்ததன்று. ஸ்கொட்லாந்தில் வில்லியம் ஷோ 1598இல் கல் வேலைக்காரருக்கு விதிகள் வகுத்தார். கல்லைத் தொட்டு வேலை செய்யாத எலியாஸ் ஆஷ்மோல் என்ற அறிஞர், தாம் 1646 ஒக்டோபர் 16ஆம் திகதி சங்கத்தில் சேர்க்கப்பட்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1717இல் இலண்டனின் நான்கு லொட்ஜுகள் (சங்கத்தின் கிளைகள்) ஒரு மதுச்சாலையில் கூடிக் கிராண்ட் லொட்ஜை (தலைமைச் சபையை) அமைத்தன என்பது சங்கத்தின் மரபு. 1723இல் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற போதகர் தொகுத்த யாப்பு (சங்கத்தின் விதிநூல்) அச்சேறியது. மூன்றாவது டிகிரியே 1720களில்தான் தனி உருப்பெறுகிறது என்பதைச் சிறுநூல் ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கத்தோலிக்கர் இச்சங்கத்தில் சேரக் கூடாதென்று போப்பாண்டவர் 1738இல் விதித்த தடைக்கும் அதே ஒரு வரிதான். கத்தோலிக்கர் நிறைந்த நம் ஊரில் படத்தை மண்டபத்தில் மாட்டலாமா என்று என்னிடம் இருவர் கேட்டுவிட்டார்கள்.

என் பெரிய குறை மேற்பாதியைப் பற்றியது. அமெரிக்கச் சஞ்சிகையொன்று 1956இல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தைப் போல, இங்கும் எல்லா டிகிரிகளும் படிக்கட்டாக அடுக்கப்பட்டு, உச்சியில் 33 பொன்னிறத்தில் ஒளிர்கிறது. பார்க்கிறவர் மூன்றாவதில் நிற்பவரைத் தொடக்கநிலைக்காரர் என்றே எண்ணுவார். உண்மையில் மாஸ்டர் மேசனுக்கு மேற்பட்ட டிகிரி என்று கிராப்ட் லொட்ஜில் (அடிப்படை மூன்று டிகிரிகளை நடத்தும் லொட்ஜில்) எதுவுமில்லை. பிரிந்திருந்த இரு ஆங்கிலக் கிராண்ட் லொட்ஜுகள் 1813இல் ஒன்றிணைந்தபோது, தூய பழம் மேசன் நெறி என்பது மூன்றாவதன் நிறைவாகக் கருதப்படும் ரோயல் ஆர்ச் சடங்கு உட்பட மூன்று டிகிரிகளே, அதற்கு மேல் இல்லை என்று எழுத்தில் வைத்தன. 4 முதல் 33 வரையிலானவை ஸ்கொட்டிஷ் றைட் என்ற வேறோர் அமைப்புக்குரியவை. பெயர் ஸ்கொட்லாந்தினுடையதாயினும் அதன் வேர்கள் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் உள்ளன. அதன் முதலாவது உச்ச சபை அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரில் 1801இல் அமைந்தது. அமெரிக்காவில் 32ஆவதை ஒருவர் சில நாட்களில், அரங்கில் அமர்ந்து சடங்கு நாடகங்களைப் பார்த்தே பெற்றுவிட முடியும். இங்கிலாந்து முறையில் 18ஆவது முழுமையாக நடத்தப்படும்; 4 முதல் 17 வரை பெயரளவில் வழங்கப்படும். 33ஆவது எங்கும் தெரிந்தெடுத்த சிலருக்கே உரியது.

நம் நாட்டு வாசகருக்கு இன்னொரு குறையும் உண்டு. இங்குள்ள லொட்ஜுகள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய மூன்று கிராண்ட் லொட்ஜுகளின் கீழும் இயங்குபவை. ஸ்கொட்லாந்து முறையில் ஒவ்வொரு லொட்ஜும் தன் நிறத்தைத் தானே தெரிவு செய்யும். அதைப் படம் சொல்லாததால், பரணில் பச்சைக் கரை ஏப்ரனைக் கண்டெடுப்பவர் குழம்பிப்போவார்.

என் சந்தேகம் தீர்ந்தது படத்தின் அடியோரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்குமளவு சிறிதாக அச்சிட்ட சித்திரங்களில். ஃபெலோ கிராப்டின் ஏப்ரனில் நீலப்பூ இரண்டு, மாஸ்டர் மேசனுடையதில் மூன்று. லொட்ஜின் தலைமைப் பதவியை வகித்தவருக்கோ பூக்களுக்குப் பதிலாகத் "ட"கரங்கள் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்தாற்போன்ற வெள்ளி வடிவங்கள் மூன்று. அம்மப்பாவின் ஏப்ரனில் இருந்தவை அந்த வடிவங்களே. பதக்கமோ வெள்ளி மூலைமட்டம் ஒன்று. அதன் உட்புறம் தொங்கும் சிறு தகட்டில் செங்கோண முக்கோணமும், மூன்று பக்கங்களிலும் எழுப்பிய சதுரங்களும் செதுக்கப்பட்டிருந்தன. முப்பது வருடம் கரும்பலகையில் பைதகரஸ் தேற்றத்தை வரைந்த கணித ஆசிரியனாகிய நான், யூக்ளிடின் முதலாம் நூலின் 47ஆம் எடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அடையாளம் கண்டிருந்தேன். முன்னாள் தலைவருக்குரிய சின்னம் அதுவென்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆகவே அவர் தம் லொட்ஜுக்குத் தலைமை தாங்கியவர். 33ஆவதற்குரிய எதுவும் பெட்டியில் இல்லை.

இதை மாமியிடம் விளக்கிச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மற்ற முப்பதும் எங்க போச்சு, மருமகன்?" என்றார். படத்தின் மேற்பாதியைப் பின்புறம் மடித்து, மூன்றாவது டிகிரியோடு முடியும்படி சட்டம் போட்டு, ஏப்ரனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.