24 லட்சம் மின்னஞ்சல், நான்கு கேள்வி: ட்ராய் எதைப் படித்தது?

2015 டிசம்பர் 9 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை நான்கே கேள்விகளைக் கேட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டா கட்டணத்தை மாற்றலாமா? அனுமதித்தால் பாரபட்சத்தை எப்படித் தடுப்பது? இலவச இணையம் தர வேறு வழி உண்டா? வேறு ஏதும் சொல்ல வேண்டுமா?

இதற்கு இரண்டு மின்னஞ்சல் அலைகள் கிளம்பின.

தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றித் தரும் திட்டம் பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ். அதற்கான ஆதரவுக் கடிதத்தை பேஸ்புக் தன் பயனர்களின் திரையிலேயே காட்டியது. பட்டனை அழுத்தினால் கடிதம் போய்விடும். 'ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்' என்ற அந்த வாசகத்தில் மேற்சொன்ன கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை. தளத்துக்குத் தளம் கட்டணம் மாறக் கூடாது என்ற 'சேவ் தி இன்டர்நெட்' இயக்கமும் மாதிரிக் கடிதம்தான் தந்தது. ஆனால் அதில் கேள்வி வாரியாகப் பதில் இருந்தது. அனுப்புகிறவரின் சொந்த மின்னஞ்சலில் திறந்ததால் திருத்தவும் முடிந்தது.

மொத்தம் வந்தவை சுமார் 24 லட்சம். அதில் ஏறக்குறைய 19 லட்சம் ஃப்ரீ பேசிக்ஸ் ஆதரவு; எதிர் இயக்கத்தின் வழியாக வந்தவை ஐந்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. தலையை எண்ணியிருந்தால் பேஸ்புக் ஜெயித்திருக்கும். ஆனால் 2016 பிப்ரவரி 8-ல் வந்த விதிமுறை, பார்க்கும் உள்ளடக்கத்தைப் பொறுத்து மாறும் கட்டணத்தைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சம் 50 லட்சம். ஆதரவுக் கடிதங்கள் கேள்விகளுக்குப் பதிலாகவில்லை என்று ஜனவரியிலேயே ட்ராய் பேஸ்புக்குக்கு எழுதிவிட்டது. கருத்துக் கேட்பை வாக்கெடுப்பாக நினைத்ததுதான் அங்கே பிழை.

அப்படியானால் மாதிரிக் கடிதமே வீணா? இல்லை. விஷயத்தின் மீது ஊர் கவனம் திரும்புவதற்குக் கூட்டம் வேண்டும். ஆனால் ஒரே வாசகம் ஆயிரம் முறை வந்தாலும் அதிலிருப்பது ஒரே வாதம். விதியின் வரியை அசைக்க நினைப்பவர் தானே எழுதுவதுதான் மேல், இரண்டு பக்கம் போதும்.

எழுதும்போது கேள்வி எண்ணை, வரைவு விதியானால் பிரிவு எண்ணை, முதலில் போடுங்கள். 'இதை நீக்குக', 'இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்' என்று மாற்று வாசகத்தையே கொடுங்கள். கையிலிருக்கும் ஆதாரத்தை, உங்கள் டேட்டா பில்லானாலும், இணையுங்கள். பொத்தாம் பொதுவான கண்டனத்தை வைத்துக்கொண்டு அதிகாரியால் எந்த வரியையும் திருத்த முடியாது.

கைபேசி எண், வீட்டு முகவரியைக் கடிதத்துக்குள் எழுத வேண்டாம். 2015 ஏப்ரலில் இன்னொரு கலந்தாய்வுக்கு வந்த பத்து லட்சத்துக்கும் மேலான கடிதங்களை ட்ராய் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு அப்படியே வெளியிட்டது. அத்தனை முகவரியும் ஸ்பேம்காரர்கள் எடுத்துக்கொள்ளத் தோதாகக் கிடந்தது.

கடைசித் தேதியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மற்றவர்கள் எழுதியதற்கு மறுப்புச் சொல்ல ட்ராய் தனியாக ஒரு தேதி தரும். அந்த டிசம்பர் அறிக்கைக்கு அது ஒரே வாரம்: கருத்துக்கு ஜனவரி 7, மறுப்புக்கு ஜனவரி 14. நிறுவனங்கள் என்ன எழுதியிருக்கின்றன என்று படித்து, அவற்றின் கணக்கு எங்கே உதைக்கிறது என்று காட்ட அந்த வாரத்தை ஒதுக்கி வையுங்கள்.