ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ்: எவற்றை வாங்கலாம், எவற்றை விட்டுவிடலாம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பரில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளிப் பயணத் தொடர் அடுத்த ஆண்டே காமிக்ஸாகவும் வரத் தொடங்கிவிட்டது. கோல்ட் கீ, மார்வெல், டிசி, மாலிபு, மீண்டும் மார்வெல், வைல்ட்ஸ்டார்ம், டோக்கியோபாப், 2007 முதல் ஐடிடபிள்யூ என்று பதிப்பகம் விட்டுப் பதிப்பகம் உரிமம் கைமாறிக்கொண்டே வந்திருப்பதால், இன்று புதிதாக வாசிக்க வருபவர் முன்னால் ஒன்றோடொன்று பெரிதும் தொடர்பில்லாத நூற்றுக்கணக்கான இதழ்கள் குவிந்து கிடக்கின்றன. இவற்றை வெளியான வரிசையில் படிப்பது வீண் வேலை. கதை நிகழும் கால வரிசையில் அடுக்கிப் படிப்பது அதைவிடவும் வீண். தேர்ந்தெடுத்துத்தான் படிக்க வேண்டும். தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். தொலைக்காட்சியால் காட்ட முடியாமல் போன எதையாவது இந்தக் காமிக்ஸ் காட்டுகிறதா என்பதே அது.

அளவுகோல் கடுமையாகத் தோன்றினால், சுமாரான ஒரு தொகுப்பை எடுத்துப் புரட்டினாலே காரணம் விளங்கிவிடும். என்டர்பிரைஸ் விண்கப்பலின் கேப்டன் கிர்க்கை வரைய வேண்டும் என்றால் அவராக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகம் வந்தாக வேண்டும். அவருடைய துணை அதிகாரி ஸ்பாக் என்றால் லெனார்ட் நிமாய். ஓவியர் நிழற்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவதால் முகம் அச்சு அசலாக வந்துவிடுகிறது, ஆனால் உடல் விறைத்துப்போய், உரையாடும் இருவர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வெவ்வேறு விளம்பரப் படங்களுக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். ஷாட்னரின் குரலையும் அவர் வசனத்தை நிறுத்தி நிறுத்திப் பேசும் விதத்தையும் நினைவிலிருந்து நாமே போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெறுமனே இன்னொரு எபிசோடைத் தருகிறேன் என்று கிளம்பும் காமிக்ஸ் இந்தப் போட்டியில் தொலைக்காட்சியிடம் தோற்றே தீரும்.

முதலில் வாங்க வேண்டியது, ஹார்லன் எலிசனின் மூலத் திரைக்கதையை அப்படியே சித்திரமாக்கி ஐடிடபிள்யூ 2014-இல் ஐந்து இதழ்களாக வெளியிட்ட ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’. இதே தலைப்பில் 1967 ஏப்ரலில் ஒளிபரப்பான எபிசோடை முதல் தொடரின் உச்சம் என்று பலரும் சொல்வார்கள். மருந்து தவறுதலாக உடலில் ஏறிச் சித்தம் கலங்கிய டாக்டர் மெக்காய் காலவாசலுக்குள் பாய்ந்து 1930-களின் நியூயார்க்குக்குப் போய் வரலாற்றையே மாற்றிவிடுகிறார். அதைச் சரிசெய்யப் பின்தொடரும் கிர்க், தான் காதலிக்கும் ஈடித் கீலர் என்ற பெண் செத்தால்தான் வரலாறு நேராகும் என்று அறிகிறார். ஒளிபரப்பான அந்த வடிவம், எலிசன் எழுதிக் கொடுத்ததைப் பல கைகள் திருத்தி எழுதிய பிறகு கிடைத்தது. அந்தத் திருத்தங்களை எலிசன் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஒளிபரப்பான வடிவத்துக்கு அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும், எலிசன் எழுதிய மூல வடிவத்துக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்க விருதும் கிடைத்தது அந்தச் சண்டையின் வேடிக்கையான பகுதி.

மூலத்தில் மெக்காயின் விபத்தே இல்லை. என்டர்பிரைஸ் கப்பலிலேயே பெக்வித் என்ற அதிகாரி சக ஊழியர்களுக்குப் போதைப்பொருள் விற்கிறான்; அதற்கு அடிமையாகிப்போன ஒருவன் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்ததும் அவனைக் கொன்றுவிட்டு, தப்பும் வழியில் காலத்துக்குள் பாய்கிறான். கப்பலில் குற்றவாளியே இருக்க மாட்டான் என்ற தொடரின் நம்பிக்கையை முதல் சில பக்கங்களிலேயே எலிசன் உடைத்துவிடுகிறார். தொலைக்காட்சியில் பேசும் கல் வளையமாக வந்த காலத்தின் காவலர்கள் இங்கே மனித உயரத்தை மீறிய, வெளிறிய உருவங்கள். ஜே. கே. வுட்வர்ட் பக்கம் பக்கமாக வண்ணம் தீட்டியே வரைந்திருப்பதால் அந்த உருவங்களின் பின்னால் உள்ள வெளிச்சமும், நியூயார்க் தெருக்களின் அழுக்கு மஞ்சளும் இரண்டு வேறு உலகங்களாகவே கண்ணில் நிற்கின்றன. 1967-இல் இருந்த படப்பிடிப்புச் செலவுக்கு இதில் பாதி கூடச் சாத்தியமில்லை.

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் பாதித்தவர் ஈடித் கூட அல்லர்; ட்ரூப்பர் என்ற துணைப்பாத்திரம். முதல் உலகப் போரில் வெர்டன் களத்தில் கால்களை இழந்து, நியூயார்க் தெருவில் பிழைப்பு நடத்தும் முன்னாள் சிப்பாய் அவர். ஒளிபரப்பான எபிசோடில் அவர் இல்லவே இல்லை. பெக்வித்தைத் தேடும் முயற்சியில் அவர் உயிர் போகிறது, ஆனால் அந்தச் சாவினால் வரலாற்றில் ஓர் அணுவும் அசையவில்லை. ஈடித்தின் மரணம் உலகத்தையே தாங்கி நிற்க, இந்த மனிதரின் மரணம் கணக்கிலேயே வராமல் போகிறது என்பதைக் கிர்க்கால் செரித்துக்கொள்ள முடியவில்லை. முடிவில் கிர்க் எடுக்கும், அல்லது எடுக்க முடியாமல் போகும், தீர்மானமும் தொலைக்காட்சியில் பார்த்ததற்கு நேர்மாறாக இருப்பதால் அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. தழுவலைச் செய்த ஸ்காட் டிப்டன், டேவிட் டிப்டன் சகோதரர்கள் எலிசனின் வசனங்களில் முடிந்தவரை கை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் சில பக்கங்களில் எழுத்து அதிகம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கோல்ட் கீ இதழ்கள் வேறு ரகம். 1967 முதல் 1979 வரை வந்த 61 இதழ்களின் தொடக்க காலத்தில், தொடரைப் பார்த்தே இராத இத்தாலிய ஓவியர்கள் விளம்பரப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தார்கள். என்டர்பிரைஸின் வால்பகுதியிலிருந்து ராக்கெட்டைப் போல நெருப்பு பீறிடுவது அதனால்தான். முதல் இதழில் மனிதர்களையே செடிகளாக மாற்றிவிடும் தாவரங்கள் நிறைந்த ஒரு கோளுக்குக் குழுவினர் இறங்குகிறார்கள், ஒருவர் அவர்கள் கண்முன்னே செடியாகிப் போகிறார். மற்றவர்கள் தப்பிக் கப்பலுக்கு ஏறியதும், அந்த விதைகள் விண்வெளியில் பரவக்கூடாது என்பதற்காகக் கோள் முழுவதிலும் உள்ள தாவர உயிர்களை மேலிருந்து கதிர் பாய்ச்சி எரித்து அழிக்கிறார்கள். உயிர்களை மதிக்கும் கூட்டமைப்பு, பிற கோள்களில் தலையிடாக் கொள்கை என்றெல்லாம் தொடர் பேசியவற்றுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிற்காலத்தில் லென் வெய்ன் போன்ற, தொடரை அறிந்த எழுத்தாளர்கள் வந்த பின் நிலைமை சற்றுத் தேறியது. ஒரேயொரு தொகுப்பை மட்டும் வாங்கிச் சிரித்து ரசியுங்கள்; முழுவதையும் சேர்க்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் பிரிட்டனில் வார இதழ்களில் வந்த ஸ்டார் ட்ரெக் தொடர் நம் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சற்று நெருக்கமானது. அங்குத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1969 தொடக்கத்தில், காமிக்ஸாக வரத் தொடங்கிப் பிறகு டிவி21 இதழுக்கும் அங்கிருந்து வேலியண்ட் இதழுக்கும் போய்ச் சேர்ந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிறந்ததும் அதே வேலியண்ட் இதழில்தான். வாரத்துக்குச் சில பக்கங்களில் ஒரு திருப்பத்தை வைத்து முடித்தாக வேண்டிய அந்தக் கால பிரிட்டிஷ் கதைசொல்லலில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொடரின் வேகம் உடனே பிடித்துவிடும். ஐடிடபிள்யூ இவற்றை மூன்று தொகுதிகளாக வெளியிட்டுள்ளது. அமெரிக்க கோல்ட் கீயைவிட ஓவியத்தில் இவை பல படி மேல். மைக் நோபிள் வரைந்த வண்ணப் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

டிசி வெளியிட்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்வதென்றால், 1984-இல் தொடங்கிய வரிசையின் 9 முதல் 16 வரையிலான இதழ்களில் மைக் டபிள்யூ. பார் எழுதி டாம் சட்டன் வரைந்த ‘மிரர் யுனிவர்ஸ் சாகா’. மூன்றாவது திரைப்படத்தின் முடிவில் என்டர்பிரைஸ் அழிந்து, ஸ்பாக் நினைவு திரும்பாத நிலையில் நிற்க, அதற்கு அப்பால் என்ன நடக்கும் என்று ரசிகர்கள் காத்திருந்த இடைவெளியில் எழுதப்பட்ட கதை இது. கொடுங்கோல் பேரரசு ஆளும் இணை உலகத்தின் என்டர்பிரைஸ் இந்த உலகத்துக்குள் நுழைகிறது. அந்த உலகத்து ஸ்பாக்கின் உதவியோடு நம் ஸ்பாக் மீள்வதும், கிர்க் எக்செல்சியர் கப்பலுக்குத் தலைமையேற்பதும் அன்றைய திரைப்படம் எதிலும் பார்த்திருக்க முடியாத காட்சிகள். ஆனால் 1986-இல் வந்த நான்காவது திரைப்படம் கதையை மூன்றாவது படம் முடிந்த இடத்திலிருந்தே தொடர்ந்ததால், இவ்வளவையும் துடைத்துவிட்டுக் குழுவினரை மீண்டும் ஸ்பாக்கின் சொந்தக் கோளான வல்கனிலேயே கொண்டுபோய் நிறுத்த வேண்டிய இக்கட்டு டிசி எழுத்தாளர்களுக்கு ஏற்பட்டது. அவர்கள் அதைச் சமாளித்த விதம் அவ்வளவு அழகில்லை. எனவே 16-ஆம் இதழோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஜான் பைர்ன் தனியாக எழுதி வரைந்தவை ஐடிடபிள்யூ வெளியீடுகளில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பவை. தொடருக்கு ஒப்புதல் பெற மாதிரியாக எடுத்த முதல் படத்தில் மேஜல் பாரெட் நடித்த, பெயர் சொல்லப்படாத, ‘நம்பர் ஒன்’ என்று மட்டும் அழைக்கப்பட்ட பெண் அதிகாரியைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை, பாத்திரமே கைவிடப்பட்டது. அவருடைய இளமைக் காலத்தை ஐந்து இதழ்களில் சொல்லும் ‘க்ரூ’ (2009) பெரிய வில்லன்களோ பிரபஞ்ச ஆபத்தோ இல்லாமல், ஒரு பணியாளர் படிப்படியாக அதிகாரியாவதைச் சொல்கிறது. ‘லெனார்ட் மெக்காய், ஃப்ரான்டியர் டாக்டர்’ (2010) அதைவிட இதமானது. முதல் திரைப்படத்துக்கு முந்தைய காலத்தில், தாடி வளர்த்த மெக்காய் எல்லைப்புறக் கோள்களில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, நடந்தவற்றைக் கிர்க்குக்குக் கடிதமாக எழுதுகிறார். மெக்காயின் சலிப்பும் கிண்டலும் கலந்த எழுத்துநடை கட்டங்களின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்க, வசனத்தில் வராத பாசம் கடிதத்தில் வெளிப்படுகிறது. முகத்தை நகலெடுக்கும் அவசியமும் இங்கே குறைவு, தாடிக்கு நன்றி. பழைய எபிசோடுகளின் நிழற்படங்களை வெட்டி ஒட்டிப் புதுக் கதைகள் உருவாக்கிய அவருடைய ‘நியூ விஷன்ஸ்’ வரிசையை மட்டும் என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. உழைப்பு மலைக்க வைக்கிறது, முகங்கள் நடிகர்களுடையவையே, ஆனாலும் முன்னே சொன்ன விறைப்பு இங்கேதான் உச்சத்தில் இருக்கிறது.

‘கிளிங்கன்ஸ்: ப்ளட் வில் டெல்’ (2007) முதல் தொடரின் சில எபிசோடுகளை எதிரிகளான கிளிங்கன்களின் பக்கம் நின்று மறுபடி சொல்கிறது. ட்ரிபிள்கள் என்ற பஞ்சுருண்டைப் பிராணிகள் வந்த நகைச்சுவை எபிசோட் நினைவிருக்கிறதல்லவா? அதில் மனிதனாக உருமாற்றப்பட்டு உளவு பார்த்த கிளிங்கனுக்கு அந்த உருமாற்றம் எத்தகைய அவமானம் என்பதை இதில் படித்த பிறகு, மூல எபிசோடைப் பழைய சிரிப்போடு பார்ப்பது கடினம். டேவிட் மெஸினாவின் ஓவியம் சற்று இருட்டு, எனினும் கதைக்கு ஏற்றது.

2009 திரைப்படத்துக்கு முன்னோட்டமாக வந்த ‘கவுண்ட்டவுன்’ நான்கு இதழ்களுக்குத்தான் பலர் முதலில் கைநீட்டுவார்கள். நீரோ என்ற வில்லனின் பின்னணி படத்தில் இல்லாத தெளிவோடு இதில் கிடைப்பது உண்மைதான். ஆனால் இதில் இயந்திர மனிதர் டேட்டா உயிரோடு என்டர்பிரைஸின் கேப்டனாக இருக்கிறார். 2020-இல் தொடங்கிய ‘பிக்கார்ட்’ தொலைக்காட்சித் தொடரோ டேட்டா இறந்துவிட்டார் என்பதை வைத்தே நகர்கிறது. காமிக்ஸில் நடப்பவை தொலைக்காட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு படிப்பவர்களுக்கு இது உறுத்தாது. கிர்க்குக்கு முன் பைக் என்பவர் என்டர்பிரைஸின் கேப்டனாக இருந்த காலத்தை வைத்து மார்வெல் 1997-98-இல் வெளியிட்ட ‘எர்லி வாயேஜஸ்’ 17 இதழ்களோடு பாதிக் கதையில் நிறுத்தப்பட்டதும் நினைவில் இருக்கட்டும். எழுத்து அருமை, முடிவுதான் கிடையாது.

ஐடிடபிள்யூ 2022-இல் தொடங்கிய வரிசையில், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொலைக்காட்சித் தொடரின் இறுதியில் மனிதர்களின் காலத்துக்கு அப்பால் போய்விட்ட அதன் நாயகன் சிஸ்கோ திரும்பி வருகிறார். அவரோடு டேட்டா, பெவர்லி க்ரஷர், ஸ்காட்டி, டாம் பாரிஸ் என வெவ்வேறு தொடர்களின் பாத்திரங்கள் ஒரே கப்பலில் ஏறுகிறார்கள். ஜாக்சன் லான்சிங், காலின் கெல்லி இருவரின் எழுத்தில் வேகம் உண்டு. ஆனால் பழைய தொடர்களை நன்கு அறியாதவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் தேர்வுத்தாள் போல இருக்கும். கூடவே வந்த ‘டிஃபையண்ட்’ வரிசையையும் வாங்கினால்தான் நடுப்பகுதி புரியும் என்பது பணப்பைக்கு நல்ல செய்தி அல்ல. எக்ஸ்-மென், டாக்டர் ஹூ, பிளானட் ஆஃப் தி ஏப்ஸ், கிரீன் லான்டர்ன் என்று பிற உலகங்களோடு மோதவிட்ட இணைப்புக் கதைகளை இரவல் கிடைத்தால் படிக்கலாம், காசு கொடுத்து வேண்டாம்.

ரயன் நார்த் எழுதி, கிறிஸ் ஃபெனாக்லியோ வரைந்த ‘லோயர் டெக்ஸ்: வார்ப் யுவர் ஓன் வே’ (2024) மட்டும் என் அளவுகோலைத் தாண்டியும் நிற்கிறது. மேரினர் என்ற இளம் அதிகாரி காலையில் எழுந்ததும் என்ன குடிப்பது என்பதில் தொடங்கி, அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவது என்பதை வாசகரே தேர்ந்தெடுக்கும் புத்தகம் இது. தேர்வு தவறினால் மேரினர் சாகிறார், அல்லது கப்பலே அழிகிறது. திரும்பி வந்து வேறு வழியில் போக வேண்டும். இத்தனை முறை சாவது ஏன் என்ற கேள்விக்கும் கதைக்குள்ளேயே விடை உண்டு என்பது புரியும் இடத்தில் இந்த விளையாட்டு வடிவம் முழுவதுமே வேறு அர்த்தம் பெறுகிறது. 2025-இல் சிறந்த சித்திரக்கதைக்கான ஹியூகோ விருது இதற்குக் கிடைத்தது. மூலமான கார்ட்டூன் தொடரைப் பார்க்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். மின்னூலைவிட அச்சுப் பிரதியையே வாங்குங்கள். பழைய பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டுவது திரையில் அவ்வளவு வசதியாக இல்லை.