லாரி ஈசிஎம் மாற்றிய நாமக்கல் பட்டறை

எங்கள் 2017 மாடல் பிஎஸ்4 டாரஸ் லாரி, லோடோடு தொப்பூர் மலைப்பாதை ஏறினால் சூடாகி அணைந்துவிடும். ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகும். நாமக்கல் பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில் ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) மேல் பழி போடவில்லை. "இருங்ணா, முதல்ல லைனப் பாத்துக்கலாம்" என்று பேட்டரி எர்த், ரிலே, ஒயரிங் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் ஈசிஎம் பெட்டியைக் கழற்றினார். ஈரம் இறங்கி, கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது.

புதிய ஈசிஎம்மில் நம் வண்டிக்கான புரோகிராமை ஏற்றி, டீசல் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் பொறித்திருக்கும் கோட் எண்ணையும் பார்த்துப் பதிந்தார். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஐடிலிங்கில் உதறும், புகை தள்ளும். இந்த ஒரு வேலைக்காகவே அவரிடம் போகலாம். விலை அதிகம்தான், காத்திருக்கவும் வேண்டும். பழைய பெட்டியைக் கேட்காமலே கையில் கொடுத்தார்.