மூடாக்கும் சமமட்ட வரப்பும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லேசான சரிவுள்ள மானாவாரி நிலத்தில் உழவைக் குறைத்து, அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளையும் தட்டையையும் மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்பும் முறையை ஆறு ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வருகிறேன். முதல் ஆண்டோடு விட்டிருந்தால் இதைப் பற்றி நல்லதாக ஒரு சொல்கூட எழுதியிருக்க மாட்டேன்.

ஓடும் நீரைத் தடுக்காமல் மூடாக்கை மட்டும் நம்பியதே அப்போது நான் செய்த பிழை. ஒரே கனமழையில் தாள் முழுவதும் மிதந்து சென்று நிலத்தின் கீழ்க்கோடியில் குவிந்துவிட்டது. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர்; 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 லட்சம் லிட்டர். அதை வைக்கோல் தடுக்கும் என்று நினைத்தது என் பேதைமை. பிறகு, மூன்று கழிகளைக் கட்டி நடுவில் கல்லைத் தொங்கவிட்ட முக்கோணச் சட்டத்தால், சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளைக் குறித்து வரப்புகள் போட்டேன். கண்மதிப்பில் போட்டால், சற்றே தாழ்ந்த இடத்தில் நீர் சேர்ந்து வரப்பை உடைக்கும். அந்த வேகத்தில் கீழே உள்ள வரப்புகளும் உடையும். ஆகவே மிகைநீர் வெளியேறக் கல் பதித்த வழிகால் கட்டாயம் வேண்டும்.

இரண்டாம் ஆண்டில், தாளை மேல்மண்ணோடு கிளறிவிட்ட பகுதியில் மட்டும் பயிர் மஞ்சளித்தது. காய்ந்த தானியத் தாளில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இப்போது தாளைக் கிளறாமல் மேலேயே விட்டு, பயறு வகையை ஊடுபயிராக விதைக்கிறேன்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகுதான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. மழைத்துளி நேரடியாக மண்ணில் அறையாததால் மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டுவது நின்றது. வழிகாலில் வெளியேறும் நீரின் கலங்கலும் வெகுவாகக் குறைந்தது. மழை இடைவெளி நீளும்போது, மூடாக்கு இல்லாத ஓரத்துப் பயிர்தான் முதலில் வாடுகிறது.

குறைகளும் உண்டு. தூறல் போன்ற சிறுமழையைத் தாளே உறிஞ்சி ஆவியாக்கிவிடுகிறது. கரையானும் நத்தையும் சேர்கின்றன. எல்லாவற்றையும்விடக் கடினமானது, அதே தாளுக்கு மாடுகளும் காத்திருப்பது. தீவனம் போக மிஞ்சுவது நிலம் முழுவதற்கும் போதுவதில்லை. அதனால் சரிவு அதிகமுள்ள மேற்பகுதிக்கே முதலில் பரப்புகிறேன். எப்போதும் நீர் தேங்கும் கீழ்க்கோடிக் களிமண் பகுதியில் வேர் அழுகியதால், அங்கே மூடாக்கை அடியோடு நிறுத்திவிட்டேன்.